பன்னிரண்டாம் பக்கத்து 'நாங்கள்'

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது, வரப்போகிற மாப்பிள்ளை ஒரு கோடாரியோடு வந்து, கேஸ் அடுப்பு எரிகிற அந்த வீட்டுக்குத் தினமும் ஒரு கட்டு விறகு பிளந்து போட்டுவிட்டுப் போனான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. கல்யாணப் பெண் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். அவள் தினமும் சரியாக மூன்று மணிக்கு அழ ஆரம்பித்து நான்கு மணிக்கு நிறுத்தினாள். துக்கம் ஒன்றும் இல்லை; ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் பெயர் எழுதினாள். பல் பிடுங்க வந்த இரண்டு பேர் அதைப் பார்த்து வந்த வழியே போய்விட்டார்கள்.

பெண்ணின் அம்மாவுக்குத்தான் காரணம் புரிந்தது. பல தேசத்துக் கல்யாண வழக்கங்களை முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அட்டைகளில் எழுதிவைத்தவள் அவள். தெருவில் அட்டையம்மா என்றுதான் பெயர். விறகு பிளக்கும் மாப்பிள்ளையும் மாதக்கணக்கில் அழும் மணப்பெண்ணும் அந்த அட்டைகளில்தான் இருந்தார்கள். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் 'அவர்கள் இப்படிச் செய்வார்கள்' என்று எழுதுவார்கள். இவளோ, சொன்னவர் வார்த்தையை மாற்றக்கூடாது என்று, 'நாங்கள் இப்படிச் செய்வோம்' என்றே எழுதினாள். முப்பது வருடம் நாங்கள், நாங்கள் என்று எழுதினால் வழக்கம் வீடு தேடி வராமல் என்ன செய்யும்?

பதறிப்போய் எல்லா அட்டைகளிலும் 'நாங்கள்' என்பதை அடித்து 'அவர்கள்' என்று திருத்தினாள். கோடாரி நின்றது, அழுகையும் நின்றது. ஒரு வரி மட்டும் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தோடு அச்சகத்துக்குப் போயிருந்தது. 'மகள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் மருமகன் முகத்தைப் பார்க்க மாட்டோம், அவரும் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அதுதான் மரியாதை.' பையன் தாயில்லாதவன். வந்த முதல் நாளே அவளை அம்மா என்று கூப்பிட்டவன், கல்யாணமானதும் இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவன். அவள் அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"பன்னிரண்டாம் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தைங்க, மாத்தணும்."

"அந்தப் பக்கமெல்லாம் நேத்தே அச்சாயிடுச்சேம்மா. ஆயிரம் காப்பி. ஏன், பிழை இருக்கா?"

"பிழை இல்ல," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் அவள் கண் கொட்டாமல் அவனையே பார்த்தாள்.

"என்னம்மா, மீசையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லப்பா. சும்மா பாத்துக்கறேன்."

அவன் கையெழுத்துப் போட்டுக் கடைசிப் புள்ளியை வைத்ததும், அவனது சட்டைக் காலருக்கு மேலே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் திரும்பி, "அம்மா, உங்க முகம் எங்க? இப்பதானே பாத்தேன்?" என்று தேடினான். அவள் அவன் கையைப் பிடித்து, "இங்கதான்பா இருக்கேன்," என்றாள்.

அப்படியே மூன்று வருடம் போயிற்று. அவளது செருப்பைப் பார்த்து அவன் பேசுவான். அவன் காலரைப் பார்த்து அவள் டீயை நீட்டுவாள். போட்டோக்களிலும் அவன் முகம் இல்லை. அக்கம்பக்கத்தார் முதலில் விசாரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருடம் அந்த முகமே அவளுக்கு மறந்துபோனது. அதற்காக அவள் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையில் அழுதாள்.

பேரன் பிறந்ததும் மகள் குழந்தையை அம்மா மடியில் வைத்தாள். விடைத்த காது, பரந்த நெற்றி, இடது கன்னத்தில் மட்டும் குழி.

"அட, இதுதானேப்பா உன் மூஞ்சி!" என்று அவள் சிரித்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அவன் காலர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தது.

"கண்ணு மட்டும் உங்க கண்ணும்மா," என்றான் அவன்.

அதற்குப் பிறகு மாமியாரும் மருமகனும் எதைப் பேசினாலும் குழந்தையின் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.