வலம் 2, இடம் 5

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னை இன்னும் குறைவாக நம்புவீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில், ஜேர்மனியின் ஹம் நகரத்தில், நாட்குறிப்பு எழுதப் பழக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு ஜேர்மன் மொழியில். சனிக்கிழமைகளில் ஒரு பழைய ரயில்பாதைச் சங்கத்தின் பட்டறையில் தொண்டு வேலை. 1928இல் செய்த மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைத் திருத்துகிறோம். இரண்டுக்கும் ஒரே கொப்பிதான். முன்னாலிருந்து பெட்டியின் பாகங்களின் பட்டியல், பின்னாலிருந்து நாட்குறிப்பு. காசை மிச்சம் பிடிக்க அல்ல. ஒழுங்கு என்று நினைத்தேன்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"யாகோப்பு அண்ணை பட்டறைக்குள் நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக" —

இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். எங்கே தேநீர்க் கேத்தல் என்று பார்த்திருப்பார்.

"அந்த யன்னல் சட்டங்கள் எப்போது மாற்றப்பட்டன என்று" —

இதுவும் இல்லை. மாற்றப்படவேயில்லை. அதுதான் கதை. [இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லலாமா? வகுப்பு ஆசிரியை கூடாது என்பார். சொல்லிவிட்டேன்.]

3

யாகோப்பு அண்ணைக்கு நாற்பத்தேழு வயது. ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். வேலை நேரம் மாறி மாறி வருவதால் வார நாட்களிலும் பட்டறைக்கு வருவார். அதற்காகச் சங்கம் அவருக்குப் பட்டறைக் கதவைத் திறக்க ஒரு திறப்புக் கொடுத்திருந்தது. பதினேழு தொண்டர்களில் திறப்பு வைத்திருந்தது இரண்டு பேர்தான்: பட்டறைப் பொறுப்பாளர் டொறத்தியும் அவரும்.

"பிள்ளை, கொப்பியில என்னையும் எழுதுறியோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஓம் அண்ணை. வகுப்புக்கு."

"எழுது, எழுது. வயசை மட்டும் கொஞ்சம் குறைச்சு எழுது. வண்டியை வேணுமெண்டா வெட்டி விடு."

வயிற்றைத்தான் வண்டி என்றார். நான் வெட்டியது வேறொன்றை.

அந்த வாரம் ஆசிரியை சொல்லியிருந்தார்: உங்கள் குறிப்பில் ஒருவராவது எதையோ மறைக்கட்டும், வாசிப்பவர் விடமாட்டார். யாகோப்பு அண்ணை மரம் அறுக்கும் தன் சொந்தக் கைவாளை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, அப்படியே கொண்டுபோவார். பட்டறை வாள்கள் மொட்டை. நான் எழுதினேன்: "துணியில் சுற்றிய நீளமான ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் வெளியேறினார்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாள் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். வகுப்பில் இரண்டு பேர் "ஓ" என்றார்கள்.

4

கொஞ்சம் தொழில் விளக்கம். நீளமில்லை.

பெட்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் அதற்கு ஒரு தகரத் துண்டு கட்டவேண்டும். பக்கம், இலக்கம். கைப்பிரேக் இருக்கும் முனையில் நின்று பெட்டியைப் பார்த்தால் வலக்கைப் பக்கம் வலம், இடக்கைப் பக்கம் இடம். உங்களுக்குக் கிட்ட இருக்கும் யன்னல் ஒன்று, தூரத்தில் இருப்பது ஆறு. பன்னிரண்டு யன்னல், பன்னிரண்டு மரச் சட்டம். கையால் செய்தவை, ஒன்று மற்றதின் இடத்தில் இராது.

தகரம் கட்டிப் பட்டியல் எழுதும் வேலை என்னுடையது. "ஆதிரையின் கொப்பியில் பிழை வராது" என்று டொறத்தி புதியவர்களிடம் சொல்வார்.

* என் வேலை செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடத்தில். அங்கே வலம் என்றால் பார்ப்பவரின் வலம் அல்ல, வாய்க்குச் சொந்தக்காரரின் வலம். யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இதைப் பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

மார்ச் மாதம் சட்டங்களை யன்னல்களில் திரும்பப் பூட்டத் தொடங்கினோம். வலம் 1 பொருந்தவில்லை. வலம் 2 ஒரு மூலையில் விரலளவு இடைவெளி விட்டது. வலம் 3 உள்ளேயே போகவில்லை. டொறத்தி சட்டத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, "இவை எங்களுடையவை அல்ல" என்றார்.

பழைய சட்டங்களைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான வேறு சட்டத்தை வைத்துவிட்டு அசலை எடுத்துப்போவது நடக்கக்கூடியது. அந்த நிமிடத்திலிருந்து யாரும் யாருடைய பையையும் சும்மா பார்க்கவில்லை.

யாகோப்பு அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டார். தமிழில். "பிள்ளை, பக்கம் கிக்கம் மாறியிருக்குமோ?"

"இல்லை அண்ணை. நான் ரெண்டு தரம் பாத்தனான்."

"நீ சொன்னாச் சரி."

அவர் என்ன சொன்னார் என்று டொறத்தி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

[இந்தப் பிரிவை ஏழு தரம் எழுதினேன். ஆறு தரம் அந்தக் கடைசி வரி இல்லை.]

6

டொறத்தி பட்டியலைச் சரிபார்க்கக் கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் பின்பக்கமும் வாசித்தார்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ நன்றாகக் கவனித்திருக்கிறாய். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை" என்றார். துணியில் சுற்றிய நீளமான ஒன்று. அந்த வரியின் கீழ் பென்சில் கோடு இருந்தது.

அது வீட்டுப்பாடம், உள்ளே இருந்தது கைவாள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நிமிடத்துக்குள் அவர் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் யாகோப்பு அண்ணை யன்னல் பக்கமாக வந்தார்.

"திறப்பைக் கேட்டவ. குடுத்திட்டன்."

"ஏன் அண்ணை?"

"துவாயில என்னத்தையோ சுத்திக் கொண்டுபோறனாம். வாற சனி கூட்டமாம். என்னை வைச்சிருக்கிறதோ, விடுறதோ எண்டு கை தூக்கிச் சொல்லுவினமாம்." சிரித்தார். "கைவாளைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாக் காட்டியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை."

7

அன்றே கொப்பி திரும்பி வந்தது. உள்ளட்டையில், பென்சிலால், என் கையெழுத்தில், தமிழில்: "கைப்பிரேக் முனை சுவரோடு. மறுமுனையில் நிண்டு எழுதினது. வீட்டை போய் மாத்தவேணும்."

நவம்பரில் பெட்டி அப்படித்தான் நின்றது. நிற்க இடமில்லாமல் எதிர்முனையிலிருந்து பன்னிரண்டுக்கும் இலக்கம் போட்டேன். மாற்றவில்லை. மறந்துவிட்டேன். டொறத்தி ஒரு கிழமை அந்த அட்டையைக் கையில் வைத்திருந்தார். அவருக்கு அது ஏதோ தமிழ்.

அதே சனி எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபின், வலம் 2 என்று தகரம் கட்டிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியைச் சுற்றி மற்றப் பக்கம் போனேன். இடம் 5. தட்டத் தேவையில்லை. தன் இடத்துக்கு வந்ததுபோல உட்கார்ந்தது. கழற்றினேன். அடுக்கில் பழையபடி வைத்தேன்.

ஏன் கழற்றினாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. சட்டத்தை யன்னலிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போகிறேன். காலையில் டொறத்தி பார்க்கிறார். புரிந்துகொள்கிறார். — புரிந்துகொள்ளமாட்டார். "யாகோப்பு பயந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்" என்பார்.

ஆ. யாகோப்பு அண்ணை கூட்டத்துக்கு முன் தானாகவே விலகிவிடுகிறார். "எனக்கு நேரமும் இல்லைப் பிள்ளை" என்று சொல்லி — இது முடிவல்ல, என் ஆசை. அழித்தேன்.

இ. நான் எழுந்து சொல்கிறேன். இதை மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் டொறத்தி உடனே என் தோளில் கைவைத்து மன்னிக்கிறார். மூன்று தரமும் தவறாமல் வரும் அந்தக் கை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

9

கடைசிக் கேள்வி. குற்றத்தை ஜேர்மனில் எழுதினேன். திருத்தத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன்? டொறத்தியால் வாசிக்க ஏலாது என்பதால்தான் என்று முதலில் நினைத்தேன். பயந்தவளுக்கு வசதியான மொழி.

ஆனால் பட்டறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான்.

ஆகவே அண்ணை, முதல் பிரிவிலிருந்து "நீங்கள்" என்று நான் எழுதிக்கொண்டு வந்தது உங்களைத்தான். ஆறாம் பிரிவு வரைக்கும் அது எனக்கே தெரியாது. இந்தத் தாள்கள் வெள்ளிக்கிழமை உங்கள் தபால்பெட்டியில் இருக்கும். வயதைக் குறைக்கவில்லை, மன்னியுங்கோ.

கூட்டம் சனி பத்து மணிக்கு, பெட்டிக்குப் பக்கத்தில். கொப்பியின் கடைசித் தாளில் ஒரேயொரு ஜேர்மன் வசனம் எழுதி வைத்திருக்கிறேன். அதை வாசிப்பேனா என்று இங்கே எழுதமாட்டேன். நான் எழுதியதை ஒருமுறை நம்பித்தான் உங்கள் திறப்புப் போனது. நீங்களே வந்து, கைப்பிரேக் முனையில் நின்று, உங்கள் காதால் கேளுங்கோ.