யார் அனுப்பினாலும் ஓடும்

அழகுராஜாவுக்குத் திருடன் யாரென்று தெரிந்துபோயிற்று. வாயால் சொல்லத்தான் முடியவில்லை. ஏனென்றால் அவன் சந்தேகப்பட்டது மனைவி திவ்யாவின் கூடப்பிறந்த அண்ணன் விருமாண்டியை.

உசிலம்பட்டிக்கு மேற்கே இருவருக்கும் அடுத்தடுத்த தோட்டம். இரண்டு கிணற்று மோட்டாரிலும் சிம் போட்ட ஒரே மாதிரிப் பெட்டி. வீட்டிலிருந்து மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும். ஒரே கடையில், ஒன்றாகப் போய் வாங்கியது. கொஞ்ச நாளாக அழகுராஜாவின் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. அவன் போய்ப் பார்க்கும்போது கிணறு வற்றியிருக்கும்; தொட்டி வழிந்து, பள்ளத்தில் இருக்கும் விருமாண்டியின் மல்லித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்திருக்கும். இந்தக் கோடையில் மச்சான் செடி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றால் என்ன அர்த்தம்? பெட்டியின் நம்பர் தெரிந்த ஆளும் அவன்தானே?

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனாலும் விருமாண்டிக்குப் பத்திரிகை வைக்கப்போவதில்லை என்று அழகுராஜா சொல்லிவிட்டான். திவ்யா அழவில்லை. அண்ணன் வராத வீட்டில் தனக்கும் வேலையில்லை என்று மட்டும் சொன்னாள்.

அவள் திருநகரில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை பார்ப்பவள். மறுநாள் சாயங்காலம் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். உலகத்தில் எந்த சாஃப்ட்வேரில் என்ன ஓட்டை என்று நம்பர் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிற பட்டியலாம். அதில் அவர்கள் பெட்டியின் மாடலும் இருந்தது. கம்பெனி போட்டுத் தந்த ரகசிய எண் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். மாற்றாமல் விட்டால் எந்தப் போனிலிருந்து அனுப்பினாலும் மோட்டார் ஓடும். அனுப்பியது யாரென்று பெட்டி குறித்துவைக்காது. சிம் நம்பர்களும் வரிசையாக இருப்பதால் ஊகித்துவிடலாம். பட்டியலில் ஏறி இரண்டு வருஷமாகியும் பெட்டி வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

"இதப் படிச்ச எவனும் நம்ம மோட்டார ஓட்டலாம். எங்கண்ணன் தலையில ஏன் கட்டுறீங்க?"

அழகுராஜாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"இதுல யாரு வேணா எழுதலாமா?" என்று கேட்டான்.

திவ்யா லேப்டாப்பை மூடினாள். எதைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்றுவரை அவனுக்கு அண்ணன் மேல் மட்டும்தான் சந்தேகம். இன்றைக்குத் தங்கை மேலும் வந்துவிட்டது. சந்தேகம் பிடித்த மனுஷனுக்குச் சாட்சி காட்டினால் சாட்சியையே சேர்த்துச் சந்தேகப்படுவான்.

காலையில் தோட்டத்துக்குப் போனவனுக்கு ஒரு யோசனை வந்தது. லேப்டாப்பில் காட்டியது உண்மையென்றால் மச்சான் பெட்டியும் தன் போனுக்குக் கட்டுப்பட வேண்டும் அல்லவா? விருமாண்டியின் பெட்டி நம்பருக்கு, அந்த ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பினான். பக்கத்துக் கிணற்றில் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது.

அழகுராஜா அவசரமாக நிறுத்தச் சொல்லி அனுப்பினான். சிக்னல் இல்லை, மெசேஜ் போகவில்லை. வரப்பைத் தாண்டிப் போய் சுவிட்சை அணைத்திருக்கலாம். மச்சான் கிணற்றில் உனக்கென்ன வேலை என்று எவனாவது கேட்டால்? அந்தப் பயத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அங்கிருந்து மறுபடி அனுப்பியும் மெசேஜ் போகவில்லை.

சாயங்காலம் விருமாண்டியே வந்து நின்றான். தனக்குப் பத்திரிகை வைக்காத வீடென்று கூடப் பார்க்கவில்லை.

"மாப்ள, என் மோட்டார் தானா ஓடி, தண்ணி வத்தி, உள்ள இருக்க செம்புக்கம்பிக் காயிலு கருகிப் போச்சு. ஒம் பெட்டியவும் பாத்துக்க. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அழகுராஜா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினான். விருமாண்டி சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

யார் மேலாவது சந்தேகமா என்று திவ்யா கேட்டாள்.

"யாரச் சொல்ல? நம்பர் தெரிஞ்சது நம்ம மாப்ளைக்கு மட்டுந்தான்" என்று சொல்லி விருமாண்டி சிரித்தான்.

திவ்யா சிரிக்கவில்லை. புருஷனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"லேப்டாப்புல நாங் காட்டுனது நெசமான்னு பாத்துட்டீங்களா?"

அழகுராஜா தலையை நிமிர்த்தவில்லை. விருமாண்டி சிரிப்பை நிறுத்தி, பத்திரிகையைக் கையில் பிடித்தபடியே மாப்பிள்ளையைப் பார்த்தான்.