முட்டை அட்டைமேல் ஒரு லேப்டாப்

"அட்டை மேல வெச்சுப் பாரு. அடியில காத்து பூந்து போகும், சூடே ஏறாது."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. எறும்பு ஏறுச்சு."

"அது ஒடஞ்ச முட்டை இருந்த அட்டை. இது புதுசு, மோந்து பாரு."

கதிர் முட்டை அட்டையை என் மூக்கருகே நீட்டினான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் என் கணவன் எனக்கென்று தானாக எடுத்து வந்த இரண்டாவது பொருள் அது. முதலாவது நேற்று வந்த அட்டை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் எங்கள் கோழிப்பண்ணை. பண்ணையை ஒட்டி வீடு. மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறைதான் எனக்கு ஆபீஸ். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். நோயாளியின் ரகசியம் என்பதால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்தி, கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நேற்று ஒருவருக்கு உறைபனியில் விரல் கறுத்துப் போயிருந்தது. அந்த எண்ணைப் போடும்போது என் மணிக்கட்டு வியர்வையில் வழுக்கியது. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களிலும் இப்படித்தான், எல்லாரும் குளிரில்தான் சாகிறார்கள். சாவதற்கு முன்னால் அடுப்பருகே உட்கார்ந்து ஆன்மாவைப் பற்றி நாற்பது பக்கம் பேசுகிறார்கள். இந்த ஷீட்டுக்கு அடியில் ஆன்மா பகல் ஒன்றரை மணிக்கே ஆவியாகிவிடும்.

இன்று இரண்டிலிருந்து ஐந்து வரை எனக்குப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். போன வாரம் இதே பரீட்சையின் நடுவில் லேப்டாப் சூடேறி அணைந்துவிட்டது. 'இதான் கடைசி சான்ஸ், சௌந்தர்யா. நடுவுல ஆஃப் ஆனா பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப உள்ள வந்துரணும். இல்லன்னா லேப்டாப்பத் திருப்பி அனுப்பிருங்க' என்று டீம் லீடர் ஜெயப்பிரியா சொல்லிவிட்டாள்.

"உங்கப்பாகிட்ட ஏசி ரூமைக் கேளுங்கன்னு சொன்னேனே?"

"நாளைக்குக் கேக்கறேன்."

"பரீட்சை இன்னைக்குங்க."

"அதான் அட்டை கொண்டாந்தேன்ல?"

அந்த ஏசி எனக்குக் கல்யாணச் சீராக என் அப்பா வாங்கிக் கொடுத்தது. வந்து இறங்கிய அன்றே அது மாமனார் மருதாசலத்தின் அறைச் சுவரில் ஏறிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் தாழ் போட்டுக்கொண்டு நாலு மணிவரை தூங்குவார். கட்டில் காலில் அவருடைய கட்டுச்சேவல். அதற்கும் வெயில் ஆகாதாம். ஒரு சண்டையிலும் ஜெயித்திராத சேவல் அது. இந்த வீட்டு ஆண்களில் தோற்பதற்காகவாவது வெளியே போய் வந்தது அது ஒன்றுதான்.

அவரிடம் நானே கேட்டிருக்கலாம். ஆனால் கதிரிடம் சொல்வதோடு சரி, இந்த வீட்டில் நான் யாரிடமும் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. இவர்களை நான் எவ்வளவு மட்டமாக நினைக்கிறேன் என்பதற்கு, கேட்காமல் இருப்பது ஒன்றுதான் என்னிடம் இருந்த சாட்சி.

ஒன்றே முக்காலுக்கு மாமனாரே மேலே வந்தார். கையில் நனைத்த சாக்கு.

"என்ன அம்மணி, பொட்டிக்கு மூச்சு வாங்குதாமா?"

"ஃபேன் சத்தம் போடுதுங்க மாமா."

"கோழியும் அப்பிடித்தான். வாயப் பொளந்துட்டு றெக்கைய விரிச்சுதுன்னா மூணு மணிக்குள்ள முடிஞ்சுது. இந்தச் சாக்க சன்னல்ல கட்டு சாமி, குளுகுளுன்னு இருக்கும். பத்தாயிரம் கோழியப் பாத்துட்டேன், ஒத்தப் பொட்டியப் பாக்க மாட்டேனா?"

கதிர் ஆமாம் என்று தலையாட்டினான். அப்பா எதிரில் நிற்கும்போது அவன் கழுத்துக்கு அந்த ஒரு வேலைதான். அவரே சாக்கைக் கட்டிவிட்டு, உலகத்தில் ஒரு பிரச்சினை குறைந்துவிட்ட நிம்மதியோடு தூங்கப் போனார்.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினேன். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மனிதரைப் பற்றி நினைத்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் ஈரச் சாக்கின் வழியாகக் காற்று ஓடும். இருந்த ஒரே சன்னலையும் சாக்கால் மூடி, கதவையும் சாத்திய அறையில் அந்த ஈரம் போவதற்கு இடமில்லை. கிழங்கு வேகும் சட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எழுந்து சாக்கை அவிழ்த்தால் கேமராவிலிருந்து விலக வேண்டும். அதுவும் தப்பு. விசைப்பலகையில் கை வைத்தால் சுட்டது. லேப்டாப்பின் இரைச்சல் ஏறி ஏறி, இரண்டு நாற்பத்தாறுக்குச் சட்டென்று நின்றது. திரை கறுத்தது. கறுப்பில் என் முகம் மட்டும், கொஞ்சம் வாயைத் திறந்தபடி.

ஆன் பொத்தானை அழுத்தினேன். ஒரு முறை மினுக்கிவிட்டு மறுபடி அணைந்தது.

கதவைத் திறந்தேன். படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த கதிர் நிமிர்ந்தான்.

"ஆஃப் ஆயிருச்சா? ஐஸ் கட்டி வெக்கலாமா? ஒரு வீடியோவுல..."

"வந்து உங்கப்பாவ எழுப்புங்க."

"தூங்கறப்ப எழுப்புனா ஏசுவாரு புள்ள."

அவனைத் தாண்டி இறங்கினேன். வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்த லேப்டாப்பின் சூடு புடவையைத் தாண்டி உறைத்தது. மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பா வாங்கித் தந்த ஏசி சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து கசிந்த குளிர் என் கால்விரல்களில் பட்டது. இரண்டு வருடத்தில் அது என்னைத் தொடுவது இதுதான் முதல் தடவை. விரல்களைப் பின்னுக்கு இழுக்க நினைத்தேன். அவை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தன.

கூடத்துக் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்து மூன்று.

தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். என்னிடமிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மாமா... நாந்தானுங்க, சௌந்தர்யா. ஒரு ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் ரூமை எனக்குக் குடுங்க மாமா. நீங்க கொஞ்சம் வெளிய வந்து இருங்க. சேவலையும் அவுத்துட்டு வந்துருங்க மாமா..."

உள்ளே சேவல் ஒரு தடவை இறக்கையை அடித்துக்கொண்டு அடங்கியது.