விண்வெளிக் கொப்பிக்கு ஒரு சரஸ்வதி பூசை

விண்வெளியிலிருந்து விழுந்த கொப்பிக்குப் பொட்டு வைத்த ஆள் இந்த உலகத்தில் என் அம்மா குகனேஸ்வரி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வைத்ததோடு நிற்காமல், கத்திய என்னையே திட்டினார்.

நான் கேசிகா. இத்தாலியின் பலேர்மோ நகரில் கபோச் சந்தைக்கு மேலே, மீன்காரர்களின் கூப்பாடு நேரே ஏறிவரும் ஒரு மாடியில், எமிலியானா என்பவரின் பட்டறையில் பழுதான தாள்களைத் திருத்துவது என் வேலை. பூச்சி தின்ற ஞானஸ்நானப் பதிவுகள், எலி கடித்த உயில்கள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அம்மா கிழமைக்கு ஒருமுறை ஒரேத்தோத் தெரு வீட்டிலிருந்து வந்து பட்டறையைக் கூட்டித் துடைப்பார். கதவுத் திறப்பு ஒன்று அவரிடமும் இருந்தது. வினை எல்லாம் அந்தத் திறப்பில்தான் தொடங்கியது.

அந்தக் கொப்பி, அதைத் திருத்தச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்த சின்யோரா செலஸ்ரீனா என்ற அம்மாவின் தம்பியுடையது. அவன் பெயர் சால்வோ, பலேர்மோப் பையன், விண்வெளி வீரன். பூமிக்குத் திரும்பும் வழியில் அவனுடைய விண்கலம் வானத்திலேயே சிதறிப்போனது. ஆட்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனால் அவன் எழுதிய நாட்குறிப்பின் சில தாள்கள் எங்கோ ஒரு புல்வெளியில் போய் விழுந்து, பனியிலும் வெயிலிலும் கிடந்து, குதிரை மேய்க்கும் ஒருவரின் கண்ணில் பட்டன. இரும்பெல்லாம் எரிய இந்தத் தாள் எப்படித் தப்பியது என்று விளங்கப்படுத்த வந்த நிபுணர்களும் கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்களிடம் வந்தபோது அவை ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளக் கட்டுப்போல இருந்தன. ஈரப்பதம் ஏற்றி ஏற்றி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கிழிந்த இடங்களை மெல்லிய யப்பான் தாளால் ஒட்டினோம். மை கழுவுண்டு போன இடங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படம் பிடித்து மீட்டோம். இதையெல்லாம் தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டுதான் செய்தோம். அது எமிலியானாவின் சட்டம். நேராக வைத்தால் கண் தன்பாட்டில் வாசித்துவிடும், சொந்தக்காரர் வாசிக்க முதல் நாங்கள் வாசிக்கக்கூடாது என்பார். ஆகவே ஒரு மனிதனின் எழுத்தோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்தியும் அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது.

சொந்தக்காரர் வாசித்தால்தானே! வேலை முடிந்துவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து செலஸ்ரீனா அடிக்கடி வருவார், இருப்பார், போவார். ஒருநாள் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். இன்னொருநாள் பையில் மத்தி மீன் இருக்கிறது, பழுதாகிவிடும் என்பார். சனிக்கிழமை மத்தியானம் விண்வெளி நிறுவனத்தின் ஆட்கள் வந்து மூலத்தாள்களை நினைவுக் கண்காட்சிக்கு எடுத்துப்போகவிருந்தார்கள். செலஸ்ரீனாவுக்குப் படப்பிரதி கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுதியதை ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் வாசிப்பான்.

"மற்றவர்களுக்கு முதல் நீங்கள் வாசிக்க வேண்டாமா?" என்று நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"வேண்டும்தான். அவன் எனக்குச் சொல்லாதது இவ்வளவுதான் மிச்சம், பிள்ளை. வாசித்து முடித்துவிட்டால் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வராது."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. ஒவ்வொரு வருடமும் அம்மா பட்டறைக்கு வந்து அழுத்தும் பொறிக்கும் தூரிகைகளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். எமிலியானாவுக்குக் கடலையும் அவலும் கிடைக்கும், அவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்த வருடம் அம்மா எங்களுக்கு முன்னமே வந்துவிட்டார். நாங்கள் கதவைத் திறந்தபோது மேசையில் சரஸ்வதி படம், வாழைப்பழம், கடலை. நடுவே, தாள்கள் இருந்த கோப்பு திறந்தபடி, அதில் சால்வோவின் முதல் தாள். அதன் ஓரத்தில் ஈரச் சந்தனமும் குங்குமமும் பளபளவென்று இருந்தன.

"அம்மா! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன் கத்துறாய்? நீ ஒரு வருசமா மாரடிச்ச புத்தகம் இதுதானே? புத்தகத்தை வைச்சிட்டுப் பொட்டு வைக்காம விடுறதே?"

"அது விண்வெளியில இருந்து விழுந்தது!"

"அப்ப இன்னும் வடிவா வைக்க வேணும்."

எமிலியானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் உறிஞ்சுதாளையும் சின்னக் கத்தியையும் எடுத்துச் சந்தனத்தை வழித்தேன். எழுத்தில் படவில்லை, அவ்வளவும் தெய்வச்செயல். ஆனால் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நிழல் நின்றுவிட்டது. அதற்கு மேல் தேய்த்தால் தாளே போய்விடும். தாளின் நிலை பற்றிய அறிக்கையில் என்னவென்று எழுதுவது என்று எமிலியானா புலம்பிக்கொண்டிருக்கும்போது செலஸ்ரீனா உள்ளே வந்தார்.

மறைப்பதற்கு வழியில்லை. நடந்ததைச் சொன்னேன். செலஸ்ரீனா மஞ்சள் நிழலைக் குனிந்து பார்த்தார்.

"நெருப்புக்குள்ளால் வந்தது, மழையில் கிடந்தது. இது என்ன செய்துவிடும்?" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இது எதற்கு?" என்று கேட்டார்.

இருபது வருடமாகப் பலேர்மோ வீடுகளைத் துடைத்துச் சேர்த்த இத்தாலியன் முழுவதையும் அம்மா இறக்கினார். இன்றைக்குப் புத்தகமெல்லாம் சரஸ்வதியிடம் இருக்கிறது, ஒருவரும் வாசிக்கக்கூடாது, சின்யோராவும்தான் என்றார்.

"இன்றைக்கு வாசிக்கக்கூடாதா?"

"கூடவே கூடாது."

செலஸ்ரீனாவின் முகம் மலர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். வாசி வாசி என்று எல்லோரும் பிடுங்கிக்கொண்டிருக்க, வேண்டாம் என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டுக் கடலையைச் சாப்பிட்டார். எனக்கு அம்மாவின் மேல் இன்னும் கோபம் வந்தது. ஒருநாள்தான் மிச்சம், அதையும் இந்த மனுசி பூசைக்கு எடுத்துவிட்டாரே!

"அப்போ நாளைக்கு?" என்று செலஸ்ரீனா மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு விஜயதசமி. எடுத்துக் கட்டாயம் வாசிக்க வேணும். வாசிக்காமல் விட்டால் சரஸ்வதிக்குக் கோவம் வரும்."

"எல்லாவற்றையுமா?"

"சீச்சீ. நாலு வரி வாசித்தால் காணும். தொடங்க வேணும், அவ்வளவுதான். முடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கிறதில்லை."

அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை செலஸ்ரீனா கண்ணாடியோடு வந்தார். மீன் வாங்கவில்லை. அம்மா மேசையைத் துடைத்து அவரை இருத்தினார். நான் முதல் தாளைக் கொண்டுவந்து, முதல்முறையாக நேராக வைத்துவிட்டு, யன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றேன். கீழே மீன்காரன் வாள்மீன் விலை கூவினான். செலஸ்ரீனா விரலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

"இங்கே பற்பசையைத் துப்ப இடமில்லை. இன்றைக்கும் விழுங்கிவிட்டேன். பழகப் பழக ருசியாகத்தான் இருக்கிறது. செலஸ்ரீனாவுக்குச் சொல்லக்கூடாது."

விரல் கடைசி வரிக்கு மேலே மறுபடி ஒருமுறை போய்வந்தது.

"சொல்லக்கூடாதாம்!" என்றார் செலஸ்ரீனா. பிறகு தொடங்கினார் பாருங்கள். சுத்தச் சிசிலியனில், தாளைப் பார்த்து, கையை வீசி வீசி. மடையா, சின்னனிலும் இதைத்தானே செய்தாய், வயிற்றுவலி என்று இரவிரவாக என்னை உலுப்பினாயே, இத்தனை படித்தும் புத்தி வரவில்லையா, பற்பசையா சாப்பாடு? கீழே மீன்காரனே கூவுவதை நிறுத்திவிட்டான்.

அவன் போனதிலிருந்து ஊரே அவனை வீரன் என்றும் தியாகி என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா ஒருத்தி அவனைத் திட்ட ஒரு இடம் ஒருவரும் விட்டு வைக்கவில்லை. செலஸ்ரீனா மூச்சு வாங்கும்வரை திட்டினார். பிறகு அழுதார். எமிலியானாவும் அழுதார். நானும்தான், ஏன் மறைப்பான்.

"மிச்சத்தையும் வாசிக்கிறீர்களா?" என்று எமிலியானா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவர்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது."

செலஸ்ரீனா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"படப்பிரதியில் பிறகு பார்க்கிறேன். இன்றைக்கு நான் அவனோடு கோபம்."