சோக்ஹோலில் போட்ட தேசிக்காய்

டோறின் தேசிக்காயின் தோலில் நகத்தால் ஒரு சிலுவை கீறினாள். பின்வளவுச் சோக்ஹோலின் இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு, காயை உள்ளே போட்டாள். விழுந்த சத்தம் வரவில்லை. நல்ல ஆள்தான்! பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, ஓக்லண்டில் துளைபோட்டெடுத்த கல்லைப் பார்த்து இன்ன கல், இன்ன காலம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற வேலையா இது?

அவள் வீடு இருக்கும் மவுண்ட் றொஸ்கில்லில் எரிமலை எப்போதோ கக்கிவிட்ட கருங்கல்லில்தான் பாதி வீடுகள் நிற்கின்றன. அந்தக் கல்லில் ஆழத் துளைபோட்டுவிட்டால் கூரைத் தண்ணீரை அதன் வெடிப்புகளும் குகைகளும் குடித்துவிடும். அதுதான் சோக்ஹோல். காற்றழுத்தம் மாறினால் மூச்சும் விடும். இதெல்லாம் டோறினுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், குனிந்தபோது கன்னத்தில் பட்ட குளிர்மூச்சில் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

முதல்நாள் பின்னேரம் மன்னாரிலிருந்து இவோன் தொலைபேசி எடுத்திருந்தாள். டோறினின் அண்ணன் செபஸ்ரியனின் மனைவி. கடைசிச் சண்டையில் காணாமல் போனவனுக்கு உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. இத்தனை வருடமாகச் செத்தவர்களுக்கான பூசையும் வைக்கவில்லை. வைத்தால் செத்துவிட்டான் என்று நாங்களே சொன்னதாகிவிடும் என்று மறித்தவள் டோறின்தான். இவோனுக்குக் காத்திருந்து களைத்துவிட்டது.

"நீங்கள் ஓமெண்டு சொன்னாத்தான் மச்சாள் பங்குச் சுவாமியிட்டக் கதைப்பன்," என்றாள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று டோறின் தப்பிக்கொண்டாள்.

அடிகாணாத நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் நிலத்தடியால் போய்க் கடலோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது யாழ்ப்பாணத்துக் கதை. சின்னவயதில் அண்ணன் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அதைச் சோதித்தான். காயில் நகத்தால் ஒரு மீன் கீறினான். வால் கீறுவதற்குள் பொறுமை போய்விடும் அவனுக்கு; எங்கே கீறினாலும் அவனுடைய மீனுக்கு வால் இராது. காயைப் போட்டுவிட்டுக் கீரிமலைக்கு ஓடிப்போய்ப் பொழுதுபடும்வரை இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வரும், நீ பாத்துக்கொண்டு நில்," என்றான். வரவில்லை.

பேராதனையில் விரிவுரையாளர் பழைய ஆட்களைப் பற்றிச் சொல்வார். ரோமாபுரியில் ஒரு பாதிரியார். எரிமலை வாய்க்குள்ளேயே இறங்கிப் பார்த்தவர். பூமிக்குள் நெருப்புக் குளங்களும் நீர்க்குகைகளும் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதாகப் படம் வரைந்தார். பிறகு வந்தவர்கள் மண்ணின் அடுக்குகளை வாசிக்கப் படித்தார்கள். பாதிரியாரின் படம் சிரிப்புக்கு உரியதாயிற்று. டோறினும் சேர்ந்து சிரித்தவள்தான். அந்தக்காலத்து ஆட்களிடமிருந்து அவளுக்கு ஒட்டியது ஒன்றே ஒன்று: எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம்.

அவள் காயைக் குழிக்குள் போட்டதைக் கணவன் அன்றூ யன்னலால் பார்த்துவிட்டான்.

"நீர் படிச்சனீர். அங்க சுண்ணாம்புக்கல்லு, இஞ்ச எரிமலைக்கல்லு. இடையில எத்தினை கடல்?"

"தெரியும். அண்ணனைக் கேட்டுப் பாத்தன். ஞாயிறுக்குள்ள பதில் வராட்டிப் பூசைக்கு ஓமெண்டிறன்."

அவன் யன்னலைச் சாத்திவிட்டுப் போனான்.

வெள்ளி இரவு பிடித்த மழை விடவில்லை. ஞாயிறு பின்னேரம், அன்றூ விமான நிலையத்துக்கு வேலைக்குப் போனபின், இவோன் எடுத்தாள். டோறின் ஓம் என்றாள். மறுமுனையில் இவோன் விக்கி விக்கி அழுதாள். இப்பவே சுவாமியிடம் போகிறேன் என்று வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டு வானம் வெளித்தது. மூடியைச் சரியாகப் போட்டுவிடலாம் என்று டோறின் பின்வளவுக்குப் போனாள். தண்ணீர் குழியின் விளிம்புவரை ஏறி நின்றது. அதில் தேசிக்காய் மிதந்தது. எடுத்தாள். சிலுவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் ஏறினால் போட்டது மிதக்கத்தானே செய்யும்! இதற்கா இவ்வளவு பயந்தாய், விசரி?

பக்கத்தில் இன்னொன்று மேலே வந்தது.

அதன் தோலில் வாலில்லாத மீன். கீறல் பச்சையாய் இருந்தது, இப்போதுதான் நகம் பட்டதுபோல, மணம்கூடப் போகவில்லை. அன்றூவுக்கு அந்த மீனைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. கை தன்பாட்டில் காயை நாக்குக்குக் கொண்டுபோனது. கடலுப்பு.

கைபேசி அடித்தது. இவோன். சுவாமியிடம் பூசைக்கு நாள் வாங்கியிருப்பாள்; பதிலோ இப்போதுதான் வந்திருக்கிறது. தண்ணீர் மளமளவென்று இறங்கத் தொடங்கியது. டோறின் கைபேசியை எடுக்காமல் முழங்காலில் நின்று எட்டிப் பார்த்தாள். குழி மூச்சை உள்ளே இழுத்தது. தோளில் கிடந்த அவளுடைய தலைமயிர் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது.