மதகுப் படிப் பாசியும் வரப்புப் பன்றியும்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு பட்டியலாகத்தான் தொடங்கியது. தாளை நடுவில் மடித்தேன். இடப்பக்கம் பாசி, வலப்பக்கம் காட்டுப்பன்றி. பாசிக்கு வேர் கிடையாது, ஈரக்கல் போதும், ஓசையில்லாமல் பரவும். பன்றி ஒரே பொழுதில் ஒரு மா நிலத்து நடவைக் கிளறிப்போடும். மூன்றாவது வரி: ‘ஆளைக் கொல்லுமா?’ அங்கே வந்து உட்கார்ந்துகொண்டாள் அம்சம்.

2

குடவாசல் பக்கம், பச்சைப்பசேலென்று விரிந்த வயல்களுக்கு…

(அடித்துவிட்டேன். அன்று அவள் பார்த்த ஒரே பச்சை, மதகுப் படியில் இருந்தது.)

காலை வெயிலில் அம்சம் வாய்க்கால் மதகுக்கு ஓடிவந்தபோது, புருஷன் அமிர்தலிங்கம் படிக்குக் கீழே உயிரில்லாமல் கிடந்தார். பக்கத்தில் அவள் தம்பி முருகையன்.

“மாமா பாசியில வழுக்கிட்டாருக்கா.”

படியைப் பார்த்தாள். பாசியில் ஒரு கீறல் இல்லை. அவர் கணுக்காலில் கருகிய கோடு. வயலில் இறங்குமுன் செருப்பை வரப்பில் ஜோடியாகக் கழற்றி வைக்கிற மனுஷர். செருப்பு தூரத்தில், முருகையன் வயல் வரப்பில் இருந்தது.

“கரண்டுக் கம்பி கட்டினியாடா?”

“பன்னிக்குக்கா! மூணு தரம் நட்டாச்சு. மாமா அந்தப் பக்கமா தண்ணி பாய்ச்ச வருவாருன்னு… நான்தான் தூக்கியாந்து இங்க போட்டேன்.”

“‘பன்னிக்கு விருந்து வைக்கவே நடுறான் என் மாப்ள’ன்னு நேத்துகூடச் சிரிச்சாருடா.”

“போலீஸ் வருது. நீ சொல்றதுதான்க்கா எடுபடும்.”

3

(முதல் பிரதியில் முருகையனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். மூன்று தரம் நட்டவன் என்று எழுதியதும் அது நிற்கவில்லை.)

முடிவு ஒன்று: செருப்பைப் படியருகே வைத்து, குதிகாலால் பாசியில் ஒரு சறுக்கல் இழுத்துவிடுகிறாள். தம்பி வீட்டுக்குப் போவான். அமிர்தலிங்கம் கால் தவறிய கிழவராகிவிடுவார்.

முடிவு இரண்டு: எதையும் தொடாமல் நிற்கிறாள். தம்பி ஜெயிலுக்குப் போவான். அவன் பிள்ளைகள் இரண்டும் ‘அத்தை’ என்று வந்து நிற்கும்.

முடிவு மூன்று: அவள்…

4

பட்டியலில் ஒன்று விட்டுப்போனது. பன்றி கிளறியதை மறுபடி நட்டுவிடலாம். கீறிய பாசி மூட வெகுநாளாகும். அதுவரை அவள் அந்தப் படியில்தான் தண்ணீருக்கு இறங்கவேண்டும்.

ரோட்டில் ஜீப் சத்தம். செருப்பை எடுத்துவந்துவிட்டாள். அதுவரை எழுதியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். படிக்கு மேலே வலதுகாலைத் தூக்கி நிற்கிறாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறான்.

அந்தக் காலை நான் இறக்கமாட்டேன். நீங்கள் இறக்குங்கள்.