லயனல் சொன்ன ஐந்து இடங்கள்

எங்கள் பத்திரிகையின் சனிக்கிழமை இணைப்பில் ஒரு பக்கம் ஒன்பது வருஷமாக என் பொறுப்பில் இருந்தது. மெல்போர்னில் வசிக்கும் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த ஐந்து இடங்களைச் சொல்வார். எங்கே காபி, எங்கே சாப்பாடு, எங்கே ஒரு கிளாஸ் பீர், எங்கே துணிமணி என்று. நான் கேட்டு எழுதுவேன். பெரும்பாலும் கால்பந்து ஆட்டக்காரர்கள், டிவியில் வருகிறவர்கள், புதிதாகக் கடை திறந்த சமையல்காரர்கள். எல்லாரும் அதே ஏழெட்டு இடங்களைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எனக்கு அலுத்துவிட்டது. ஆசிரியர் கிரெகரிடம் பேசி, இனி வாசகர்களும் எழுதலாம் என்று ஓர் அறிவிப்பு போட்டேன்.

வந்த கடிதங்களில் ஒன்று லயனல் ஹாப்குட் எழுதியது. பால்வினில் வசிப்பவர், அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். கோடு போட்ட தாளில் கறுப்பு மையில் எழுதியிருந்தார். மற்றவர்கள் 'அருமையான காபி' என்று எழுதிய இடத்தில் இவர், எந்த மேசை, எந்த நாற்காலி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதியிருந்தார். பிளிண்டர்ஸ் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு காபிக் கடை: செவ்வாய் காலை பத்தேகால், முதுகு சுவரைத் தொடுகிற நாற்காலி, அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரியும். ஃபுட்ஸ்கிரேயில் வியட்நாம் ரொட்டிக் கடை: வியாழன் மதியம், மிளகாய் போடாத பன்றி இறைச்சி ரொட்டி. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விக்டோரியா சந்தையில் கிரேக்கப் பாலாடைக்கட்டி. அன்றே பதினொன்றரைக்கு ஸ்மித் தெருவில் பழைய துணிக் கடை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஃபிட்ஸ்ராயில் ஒரு மூலை பப், ஒரே ஒரு கிளாஸ் கறுப்பு பீர்.

இப்படி ஊரை அனுபவிக்கிற மனிதர் இன்னும் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். கிரெகரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் பிடித்துப்போனது.

லயனல் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். நல்ல உயரம். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். நான் பதிவு செய்துகொண்டேன். ஏதாவது ஒரு கடையில் வைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முழங்கால் வலி, அலைய முடியாது, கடைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் பெயரை முழுசாகப் போட வேண்டும், நேரங்களையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, பல நாளாக ஒருவருக்குச் சொல்ல நினைத்ததை இன்றுதான் சொல்ல முடிந்தது என்றார். அந்த ஒருவர் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். வாசகர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான்.

பக்கம் அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை வந்தது. அன்று காலை நான் சந்தைக்குப் போனேன். பாலாடைக்கட்டிக் கடைக்கார வூலாவை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவள் கடை பத்திரிகையில் வந்திருக்கிறது, ஒரு வார்த்தை நன்றி சொல்வாள், ஒரு துண்டு கூடுதலாக வெட்டிப் போடுவாள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவள் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு பத்திரிகையை இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"புரூனா, யாரும்மா இந்த ஆளு?" என்றாள்.

உன் வாடிக்கையாளர்தானே, உயரமாக, வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார் என்றேன்.

"இந்த மாதிரி ஒருத்தன் என் கடைக்கு வந்ததே இல்ல. ஒம்போது மணிக்கு வர்றது டெல்மா. ஆட்டுப்பால் ஃபெட்டா, கால் கிலோ, அதுவும் மூலைத் துண்டு கேக்கறது டெல்மா. இன்னிக்குக்கூட வந்தா, வாங்கிட்டுப் போனா. இவன் எப்படி அவளோடத எல்லாம் தன்னோடதுன்னு சொல்றான்?"

புருஷனாக இருக்கும் என்று சொன்னேன். வூலா கத்தியைக் கீழே வைத்தாள். டெல்மா புருஷனை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது என்றாள். அவன் கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கி வைத்திருக்கிறாள். அவள் எங்கே குடியிருக்கிறாள் என்று வூலாவுக்கே தெரியாது. கேட்டதும் இல்லை.

நான் அந்தப் பக்கத்தை எழுதியவள். மூன்று முறை திருத்திப் படித்தவள். அதே பக்கத்தை வூலாவின் தராசுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். முதுகு சுவரைத் தொடுகிற நாற்காலி, வாசல் நன்றாகத் தெரியும். அது ரசித்து உட்காருகிறவனின் இடமே இல்லை. பயந்து உட்காருகிறவளின் இடம். மணி பதினொன்று பத்து. அடுத்து அவள் எங்கே இருப்பாள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அச்சிலேயே இருந்தது.

டாக்ஸி பிடித்து ஸ்மித் தெருவுக்குப் போனேன். வழியிலேயே போலீசுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எனக்கே தெளிவாகச் சொல்ல வரவில்லை. உயிருக்கு ஆபத்தா என்று போனை எடுத்த பெண் கேட்டாள். தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய துணிக் கடை ராபி என்பவனுடையது. கை முழுக்கப் பச்சை குத்திய, முப்பது வயதுக்காரன். எங்கள் பக்கத்தைச் சந்தோஷமாகக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தான். நான் போனபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். என் பெயரைக் கத்தினேன். திறந்தவன் என்னை முறைத்துப் பார்த்தான். அதை ஒட்டியதே தப்பு, அவள் உள்ளே வரும்போதே அதைத்தான் படித்தாள் என்றான்.

டெல்மா கடையின் கோடியில், குளிர்கால மேலங்கிகள் தொங்குகிற கம்பிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். குட்டையான நரைத்த முடி. பாலாடைக்கட்டிப் பொட்டலம் மடியில் இருந்தது. அவள் அழவில்லை. நான் யாரென்று சொன்னதும் நிதானமாகக் கேட்டாள்.

"இத எத்தன பேரு படிப்பாங்க?"

இரண்டு லட்சம் பேர் என்றேன். அதை அன்றைக்குப் போல வேறு என்றும் வெட்கத்தோடு சொன்னதில்லை.

"அவருக்கு ரெண்டு லட்சம் வேணாம். நான் ஒருத்தி படிச்சாப் போதும்."

தெரியாமல் நடந்துவிட்டது, அவர் யாரென்றே தெரியாது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க வெளிய போய்ப் பாருங்க. பக்கத்துல வரமாட்டாரு. எரநூறு மீட்டர்னு உத்தரவு. அளந்துதான் உக்காந்திருப்பாரு."

ராபி போக வேண்டாம் என்றான். நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒருவர் அங்கே இருக்க முடியாது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் போயிருக்க வேண்டும். நல்ல வெயில். நடைபாதை மேசைகளில் ஜனங்கள் முட்டையும் அவகாடோவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டிராம் நிறுத்தத்தைத் தாண்டினேன். அதற்கும் அப்பால், பூட்டிக் கிடந்த ஒரு வங்கிக்கு முன்னால் இருந்த பெஞ்சில், லயனல் ஹாப்குட் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காகிதக் கோப்பையில் காபி. மடியில் எங்கள் பத்திரிகை, சரியாக நாலாக மடித்தது.

என்னைப் பார்த்து எழுந்து நின்றார். தொப்பியைத் தொட்டார்.

"பக்கம் அருமையா வந்திருக்கு புரூனா. நேரம் எதையும் விடல. ரொம்ப நன்றி."

நான் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அவ படிச்சிட்டாளா?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்.

நான் திரும்பி நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை. வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் கடைக்குள் நுழைந்ததும் ராபி மறுபடி பூட்டினான். பத்து நிமிஷத்தில் போலீஸ் வந்தது. லயனல் எந்தத் தகராறும் செய்யாமல் வண்டியில் ஏறினார். தான் நிற்கும் இடம் கடையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று சொன்னாராம். பிறகு அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது.

சாயங்காலம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு துப்பறியும் அதிகாரி வந்தார், சார்ஜென்ட் ஒகேன் என்ற பெண்மணி. பேட்டிப் பதிவை ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். கிரெகர், நான், அவர் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு பாலாடைக்கட்டி வந்தது. லயனலின் குரல் மெதுவாகச் சொன்னது:

"மூலைத் துண்டுதான் கேப்பா. அங்கதான் உப்பு நல்லா ஏறியிருக்கும்னு அவ நெனப்பு."

கேப்பா. கேட்பேன் இல்லை. சார்ஜென்ட் ஒகேன் நிறுத்தி, மறுபடி ஓட்டினார். பப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு தடவை, காபிக் கடைக்கு ஒரு தடவை. மொத்தம் மூன்று இடத்தில் 'அவள்' வந்தது. மூன்றையும் நான் வயதானவரின் வாய்தவறல் என்று நினைத்து, 'நான்' என்று திருத்தித் தட்டச்சு செய்திருக்கிறேன். கிரெகர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மற்றதெல்லாம் வழக்கு நடந்தபோது தெரிந்தது. அந்த வருஷக் கோடையில் லயனல் டிராமில் போகும்போது டெல்மா தெருவைக் கடப்பதைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எட்டு மாதம் தூரத்திலேயே இருந்து அவளைக் கவனித்திருக்கிறார். நில அளவைக்குப் பயன்படுத்திய பழைய தொலைநோக்கி காரில் இருந்தது. எந்தக் கடைக்குள்ளும் ஒரு நாள்கூடப் போனதில்லை. மூலைத் துண்டு, மிளகாய் வேண்டாம் என்பதெல்லாம் கூட வாழ்ந்தபோதே தெரிந்தவை. இருபத்தாறு வருஷம் வீட்டில் அவள் எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டியவர் அவர். அவள் தானாகத் தேடிக் கண்டுபிடித்த ஐந்து இடங்களை, தன்னுடையவை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.

கடைகளைப் பாராட்டுவது குற்றமா என்று அவருடைய வக்கீல் கேட்டார். குற்றப் பத்திரிகையில் ஒரு வரி இருந்தது: உத்தரவை மீறி, பாதிக்கப்பட்டவருக்கு மற்றொருவர் மூலமாகச் செய்தி அனுப்பியது. அந்த மற்றொருவர் நான். சாட்சிக் கூண்டில் நின்று என் பெயரையும் வேலையையும் சொன்னேன். மாஜிஸ்திரேட் எங்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். கோர்ட்டில் படிக்கும்போது அது ஒரு கண்காணிப்பு அறிக்கை மாதிரிதான் இருந்தது. எழுதியபோது எனக்கு எப்படி அது கவிதையாகத் தெரிந்தது?

அன்று வூலா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். ராபி வந்திருந்தான். ஃபுட்ஸ்கிரே ரொட்டிக் கடை ஹான் அம்மாவும் மகளும் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டெல்மா வேறு அறையிலிருந்து திரையில் பேசினாள். லயனலுக்கு ஏழு மாதம் சிறை கிடைத்தது. கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது, அவ்வளவுதானா என்று வூலா கேட்டாள்.

அந்தப் பக்கத்தை நிறுத்திவிடலாம் என்றேன். இனி சரிபார்த்துப் போடலாம் என்றார் கிரெகர். ஒரு இளம் நிருபர் இப்போது அதை எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். கடைக்காரர்களிடம் ஆளைத் தெரியுமா என்று கேட்காமல் ஒரு வரி போடுவதில்லை. நான் நகராட்சிச் செய்திகளுக்கு மாறிக்கொண்டேன். குப்பை வண்டி, பார்க்கிங் கட்டணம், சைக்கிள் பாதை.

டெல்மா அந்த ஐந்து இடங்களுக்கும் பிறகு போகவில்லை. ஊரைவிட்டே போய்விட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் அலுவலகத்துக்கு போன் வந்தது. நம்பர் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அதுவரை மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த மன்னிப்பை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, அதற்காக போன் செய்யவில்லை என்றாள்.

"ஒரு ரொட்டிக் கடை கண்டுபிடிச்சிருக்கேன். திராட்சை போட்ட ரொட்டி. ரொம்ப நல்லாருக்கு. யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான்."

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எப்படிப்பட்ட திராட்சை என்று மட்டும் கேட்டேன். கறுப்பு, சின்னது, மேல் பக்கம் கொஞ்சம் கருகியிருக்கும், அதுதான் தனக்குப் பிடிக்கும் என்றாள்.